லாக் புத்தகம் எதைத் திருத்தும், எதைத் திருத்தாது

முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் இலகு குரூசர் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) ஒன்று 1914 முதல் 1918 வரை கிழக்கிந்தியக் கடற்படைப் பிரிவில் பணியாற்றியதாகவும், 1916இல் ஒரு குறிப்பிட்ட நாளின் விடியற்காலையில் நடந்த கரையோரத் தாக்குதலில் பங்கேற்றதாகவும் அச்சு நூல் ஒன்று சொல்கிறது. நீங்கள் இணையத்தில் பார்த்த அதே கப்பலின் லாக் (கப்பலின் அன்றாட ஓட்டத்தையும் நிகழ்ச்சிகளையும் கப்பலிலேயே எழுதிவைத்த பதிவேடு) பக்கங்களோ, அந்த ஆண்டில் அது பல வாரங்கள் பழுதுபார்ப்புக்காக நீரை வெளியேற்றிய உலர்துறையில் கிடந்ததையும், தாக்குதல் நடந்ததாகச் சொல்லப்படும் நாளின் நண்பகலில் அவ்விடத்திலிருந்து ஏறத்தாழ 400 கடல் மைல் தொலைவில் இருந்ததையும் காட்டுகின்றன. நூல் தவறு, லாக் சரி என்று கொண்டு கப்பலின் பணி வரலாற்றுப் பதிவைத் திருத்திவிடலாமா என்று கேட்கிறீர்கள். இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறது: ஒரு கப்பலைப் பற்றிய எந்த வகையான கூற்றை லாக் மறுக்க வல்லது, எந்த வகையான கூற்றை அது தொடவே முடியாது என்பது. பழைய கடற்படை லாக்குகளைப் படியெடுத்து, அவற்றைக் கொண்டு கப்பல்களின் பணி வரலாற்றைச் சரிபார்க்கும் வேலையில் பல ஆண்டுகளாக இருப்பவன் என்ற முறையில், அந்தக் கேள்விக்கு விடை சொன்னால் உங்கள் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும் என்று நினைக்கிறேன். என் பழக்கம் பெரும்பாலும் பிரிட்டிஷ் லாக்குகளோடுதான் என்பதை முன்பே சொல்லிவிடுகிறேன்.

நீங்கள் கண்ட இரண்டு முரண்பாடுகளும் ஒரே தன்மையானவை அல்ல. ஒரு கப்பல் ஒரு பிரிவில் 'இருந்தது' என்று நூல்கள் எழுதும்போது, அது யாருடைய கட்டளைக்கு உட்பட்டிருந்தது, எந்தத் தளபதியின் பட்டியலில் அதன் பெயர் இருந்தது என்பதையே பெரும்பாலும் குறிக்கின்றன. உலர்துறையில் அடிப்பாகத்தைச் சுரண்டி வண்ணம் பூசிக்கொண்டிருந்த வாரங்களிலும் அது அந்தப் பிரிவின் கப்பல்தான். ஆகவே முதல் முரண்பாடு முரண்பாடே இல்லை; நூல் நிர்வாக உண்மையைச் சொல்கிறது, லாக் இடத்தைச் சொல்கிறது. இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் செய்யப்படும் 'திருத்தங்கள்' நிறைய உண்டு. அவை நல்ல பதிவைக் கெடுக்கின்றன. இரண்டாவது முரண்பாடு வேறு வகை. குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட இடத்தில் கப்பல் இருந்ததா என்பது லாக்கின் சொந்த நிலம். அங்கே அதன் சாட்சியம் மிக வலிமையானது, ஆனால் சில சோதனைகளுக்குப் பிறகுதான்.

முதலில் கையில் இருப்பது எந்த லாக் என்று பாருங்கள். லண்டனை அடுத்த கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் இவை வெவ்வேறு தொகுதிகளாக உள்ளன. ஏடிஎம் என்பது அட்மிரால்டியின், அதாவது பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை நிர்வாகத்தின், ஆவணங்களைக் குறிக்கும். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து கேப்டன்கள் ஒப்படைத்த லாக்குகள் ஏடிஎம் 51 என்ற தொகுதியிலும், மாஸ்டர் எனப்பட்ட வழிசெலுத்தும் அதிகாரியின் லாக்குகள் ஏடிஎம் 52 தொகுதியிலும், 1799க்குப் பிந்தைய கப்பல் லாக்குகள் ஏடிஎம் 53 தொகுதியிலும் இருக்கின்றன. லெப்டினன்டுகளின் லாக்குகள் கிரீனிச்சில் உள்ள தேசியக் கடல்சார் அருங்காட்சியகத்தில் உள்ளன. பாய்மரக் காலத்துக் கப்பல் ஒன்றுக்கு மூன்று லாக்குகள் கிடைத்தால் மூன்று சாட்சிகள் கிடைத்துவிட்டதாக மகிழ வேண்டாம். கப்பலின் ஓட்டம் முதலில் ஒரு பலகையில் குறிக்கப்பட்டது. பலகையிலிருந்து புத்தகத்துக்கு ஏறியது. அந்தப் புத்தகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் தங்கள் லாக்கை எழுதிக்கொண்டார்கள். லாக்கை ஒப்படைத்தால்தான் சம்பளக் கணக்கு முடியும் என்ற நிலையில், பல மாதப் பக்கங்களை ஒரே மூச்சில் படியெடுத்தவர்களும் உண்டு. மூன்றிலும் ஒரே பிழை ஒரே சொற்களில் இருக்குமானால், அது ஒரு சாட்சியத்தின் மூன்று பிரதிகள், அவ்வளவே.

உங்கள் கப்பலின் காலத்தில், அதாவது 1914–1918இல், லாக் அச்சிட்ட படிவமாக வந்துவிட்டது. ஒரு நாளுக்குரிய இடத்தில் மணிவாரியாக ஓடிய தூரம், செல்திசை, காற்றின் திசையும் வலுவும், வானிலைக் குறியீடு, காற்றழுத்தம், வெப்பநிலை, நண்பகல் அட்சரேகை, தீர்க்கரேகை, நோயாளிகளின் எண்ணிக்கை, இவற்றோடு குறிப்புகளுக்கென ஒரு பகுதியும் இருக்கும். இந்தக் குறிப்புப் பகுதியே பணி வரலாற்றுக்கு உயிர். நங்கூரம் இறக்கியது, நிலக்கரி ஏற்றியது, வேறு கப்பலைக் கண்டது, வழித்துணையாகச் சென்றது, பிரிந்தது எல்லாம் மணியோடு அங்கே இருக்கும். அதே நாளில் கடமையில் இருந்த அதிகாரி, தனக்கு அதனால் லாபமோ நட்டமோ இல்லாத நிலையில் எழுதிய வரிகள் அவை. பிற்காலத்தில் நினைவிலிருந்து எழுதப்பட்டவற்றுக்கு இந்த மதிப்பு கிடையாது.

அடுத்தது தேதி. பணி வரலாற்றில் நான் பார்த்த பிழைகளில் மிகப் பல, கப்பல் தவறான இடத்தில் வைக்கப்பட்டதால் வந்தவை அல்ல. சரியான இடத்தில் தவறான நாளில் வைக்கப்பட்டதால் வந்தவை. 1805 வரை பிரிட்டிஷ் கடற்படையின் கடல் லாக்கில் நாள் என்பது நண்பகலில் தொடங்கி மறு நண்பகலில் முடிந்தது. அதுவும் கரையிலுள்ளோரின் கணக்குக்கு அரை நாள் முந்தியே தொடங்கியது. அதாவது, கரைக் கணக்கில் 21ஆம் தேதி பிற்பகல், கடல் லாக்கில் 22ஆம் தேதியின் முதற்பாதி. சாதாரண நாட்கணக்குக்கு மாறும்படி அட்மிரால்டி 1805 அக்டோபரில் ஆணையிட்டது. அதே மாதம் 21ஆம் தேதி பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் கப்பற்படை பிரெஞ்சு, ஸ்பானியக் கப்பல்களை வென்ற டிராஃபல்கர் போர் பல கப்பல்களின் லாக்கில் 22ஆம் தேதியின் கீழ் பதிவாகியிருப்பது இதனால்தான். துறைமுகத்தில் கிடந்தபோது அதே கப்பல்கள் பெரும்பாலும் கரைக் கணக்கையே பின்பற்றின என்பதால், கப்பல் நங்கூரம் தூக்கிய நாள் அரை நாளாகச் சுருங்கியோ, திரும்பிய நாள் ஒன்றரை நாளாக நீண்டோ தோன்றும். அமெரிக்கக் கடற்படை 1848 வரை பழைய முறையிலேயே இருந்தது. இன்னும் பின்னால் போனால், பிரிட்டன் 1752இல் நாட்காட்டியை மாற்றியபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14 ஆனது. அதற்கு முந்தைய ஆண்டுகளில் மார்ச் 25 வரை பழைய ஆண்டெண்ணே எழுதப்பட்டது. பிப்ரவரி 1740 என்று லாக்கில் இருப்பது நம் கணக்கில் பிப்ரவரி 1741.

உங்கள் 1916க்கு இந்தப் பழைய சிக்கல்கள் பொருந்தா. ஆனால் கடிகாரச் சிக்கல் பொருந்தும். கடலில் இருந்த கப்பல் தன் கடிகாரத்தை உள்ளூர் நேரத்துக்கு அவ்வப்போது திருப்பிக்கொண்டது. லண்டனுக்குப் போன தந்தியிலோ அதை வைத்து எழுதிய அறிக்கையிலோ கிரீனிச் நேரம் இருக்கலாம். கிழக்குத் தீர்க்கரேகை 60 பாகையில் அதிகாலை 2 மணிக்கு நடந்த ஒன்று, கிரீனிச் கணக்கில் முந்தைய நாள் இரவு 10 மணி. ஐரோப்பியக் கடல்களிலும் அதே ஆண்டு குழப்பம் கூடியது: ஜெர்மனி 1916 ஏப்ரல் 30 அன்றும் பிரிட்டன் மே 21 அன்றும் முதன்முறையாகக் கோடைக்கால நேரத்தைக் கொண்டுவந்தன. மே 31இல் பிரிட்டிஷ், ஜெர்மன் கடற்படைகளுக்கு இடையே தொடங்கிய ஜட்லண்டு போரைப் பற்றி இரு தரப்பு ஆவணங்களையும் ஒப்பிடுவோர், எந்தக் கடிகாரம் என்று முதலில் கேட்காமல் ஒரு மணியைக்கூட நம்ப முடியாது.

இனி அந்த 400 கடல் மைலை எடுத்துக்கொள்வோம். நண்பகல் நிலை எப்படிக் கிடைத்தது என்று பாருங்கள். சூரியனையோ விண்மீனையோ அளந்து கண்டதா, கடைசியாகத் தெரிந்த இடத்திலிருந்து வேகத்தையும் திசையையும் வைத்துக் கணித்ததா என்பதைப் படிவம் பல வேளைகளில் தனித்தனியே காட்டும். கணித்த நிலை மேகமூட்டமான நாட்களில் சில மைல்கள் பிசகலாம்; நாட்கணக்கில் சூரியனைக் காணாவிட்டால் இன்னும் கூடுதலாகப் பிசகலாம். ஆனால் 400 மைல் பிசகாது. அவ்வளவு பெரிய பிழை வருமென்றால் அது எழுத்துப் பிழையாகவோ படியெடுத்த பிழையாகவோதான் இருக்கும்: 5 என்பதை 6 என்று படித்தது, கிழக்கை மேற்கென்று எழுதியது, பாகையில் ஓர் இலக்கம் விட்டது. அதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. முந்தைய நாளின் நண்பகல் நிலையையும் அடுத்த நாளின் நண்பகல் நிலையையும் வரைபடத்தில் குறித்து, லாக்கிலேயே மணிவாரியாக உள்ள தூரங்களைக் கூட்டிப் பாருங்கள். 10 நாட் (மணிக்கு 10 கடல் மைல்) வேகத்தில் ஒரு நாளைக்கு 240 கடல் மைல்தான் ஓட முடியும். மூன்று புள்ளிகளும் ஒரு கோட்டில் ஒழுங்காக விழுந்து, தூரங்களும் ஒத்துப்போனால் நடுப்புள்ளி உண்மை. நடுப்புள்ளி மட்டும் எங்கோ தள்ளி விழுந்தால் பிழை அந்தப் பக்கத்தில் இருக்கிறது, நூலில் அல்ல.

நிலை சரியென்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு படி மீதி இருக்கிறது. விடியற்காலை 6 மணிக்குத் தாக்குதலில் இருந்த கப்பல், நண்பகலுக்குள் 400 மைல் போக முடியாது. 25 நாட் வேகத்தில் ஓடியிருந்தாலும் 150 மைல்தான். ஆனால் தாக்குதல் உண்மையில் ஒரு நாள் முன்னால் நடந்திருந்தால்? 6 மணியிலிருந்து மறுநாள் நண்பகல் வரை 30 மணி நேரம். 14 நாட் வேகத்தில் 400 மைலைக் கடந்துவிடும். அப்படியானால் நூலில் தவறியது தேதி மட்டுமே, கப்பல் அங்கே இருந்ததாகச் சொன்னது உண்மை. ஆகவே முந்தைய நாளின் பக்கத்தைப் படிக்காமல் 'இக்கப்பல் தாக்குதலில் பங்கேற்கவில்லை' என்று எழுதிவிடாதீர்கள். அந்தப் பக்கத்தில் பீரங்கி சுட்டதையோ ஆட்களைக் கரையிறக்கியதையோ நீங்கள் காணக்கூடும்.

சரிபார்க்க வேண்டிய அடுத்த இடம் பிற கப்பல்களின் லாக்குகள். இதைத்தான் நான் எல்லாவற்றையும்விட மதிக்கிறேன். தாக்குதலில் பங்கேற்றதாகச் சொல்லப்படும் இன்னொரு கப்பலின் லாக்கில், யார் யார் உடன் இருந்தார்கள் என்ற வரி பெரும்பாலும் இருக்கும். இரண்டு கப்பல்களின் அதிகாரிகள் ஒருவர் புத்தகத்தை மற்றவர் பார்க்காமல் எழுதியவை ஒத்துப்போனால் அது உண்மையான இரண்டாம் சாட்சி. மணிகள் சற்று வேறுபட்டால் கலங்க வேண்டாம். டிராஃபல்கரில் நெல்சன் கையாண்ட உத்தியை ஆராய அட்மிரால்டி அமைத்த குழு 1913இல் அறிக்கை தந்தபோது, கப்பல்களின் லாக்குகளையும் நாட்குறிப்புகளையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்தே அணிவகுப்பை மீட்டெடுக்க வேண்டியிருந்தது. ஒரே நிகழ்ச்சிக்கு ஒவ்வொரு கப்பலும் வெவ்வேறு நேரம் தந்திருந்தது. கப்பலுக்குக் கப்பல் கடிகாரம் வேறு, சண்டை முடிந்த பிறகே பலவும் எழுதப்பட்டன. நிகழ்ச்சிகளின் வரிசையை நம்பலாம். நிமிடங்களை நம்ப முடியாது.

நூல் ஏன் தவறியிருக்கக்கூடும் என்பதையும் யோசியுங்கள். தொகுப்பு நூல்களை எழுதியவர்கள் ஆயிரக்கணக்கான கப்பல்களுக்கு லாக் படித்து எழுதியவர்கள் அல்லர். அது மனிதரால் ஆகக்கூடிய வேலையும் அல்ல. கடற்படைப் பட்டியல்கள், தளபதிகளின் கடிதங்கள், முந்தைய நூல்கள் ஆகியவற்றிலிருந்து எடுத்தார்கள். முந்தைய நூலில் ஒரு பிழை இருந்தால் அது அடுத்ததற்கும், அங்கிருந்து இணையத்துக்கும் போய்ச் சேர்ந்தது. பத்து இடங்களில் காணும் ஒரே செய்திக்கு வேர் ஒன்றாக இருக்கலாம். இந்த நிலையை மாற்றிய முயற்சிகளில் எனக்கு மிகுந்த மரியாதை உள்ளது 2010இல் தொடங்கிய ஓல்டு வெதர் திட்டத்தின் மீது. பழைய வானிலையை அறிவதற்காக முதல் உலகப் போர்க் காலத்துப் பிரிட்டிஷ் போர்க்கப்பல் லாக்குகளைத் தன்னார்வலர்கள் பக்கம் பக்கமாகப் படியெடுத்தார்கள். அவர்களுக்குத் தேவைப்பட்டது காற்றழுத்தமும் வெப்பநிலையும். ஆனால் கூடவே கப்பல்களின் அன்றாட நடமாட்டமும் பொதுமக்கள் பார்வைக்கு எளிதாக வந்தது. நோயாளிகளின் எண்ணிக்கை என்ற சிறிய கட்டம்கூடப் பேசியது: 1918 ஆகஸ்டில் மாண்டுவா என்ற கப்பல் ஆப்பிரிக்காவின் ஃப்ரீடவுன் துறைமுகத்துக்கு இன்ஃப்ளுயன்சா காய்ச்சலோடு வந்த காலத்தை, அந்தக் கட்டத்தில் ஏறும் எண்களை வைத்தே நாள்வாரியாகப் பின்தொடர முடிகிறது. படியெடுத்தவையும் மனிதக் கண்ணால் படிக்கப்பட்டவை என்பதால், அச்சு நூலை எதிர்த்து எழுதும் முன் மூலப் பக்கத்தின் படத்தை நீங்களே திறந்து பார்த்துவிடுங்கள்.

லாக் சொல்லாதவையும் பல. கப்பல் ஏன் அங்கே போனது என்பது அதில் இருக்காது. அதற்குத் தளபதிகளின் கடிதங்களையும், முதல் உலகப் போருக்கு ஏடிஎம் 137 தொகுதியையும் பார்க்க வேண்டும். சண்டையின் நடுவே செல்திசை 'தேவைக்கேற்ப' என்று மட்டும் இருக்கும். கப்பல் மூழ்கினால் கையிலிருந்த லாக்கும் மூழ்கியது: 1914 நவம்பர் 1 அன்று சிலி நாட்டுக் கரையருகே ஜெர்மன் கப்பல்களோடு நடந்த கொரோனல் சண்டையில் குட் ஹோப், மொன்மத் என்ற பிரிட்டிஷ் கப்பல்கள் இரண்டும் ஆட்கள் எல்லோரோடும் போயின, அவற்றின் கடைசி மணிகளைத் தப்பிய கிளாஸ்கோ போன்ற கப்பல்களின் கண் வழியாகத்தான் அறிகிறோம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்கு வந்தால், டெஸ்ட்ராயர் எனப்படும் நாசகாரிக் கப்பல்கள் முதலான சிறிய கப்பல்களின் லாக்குகளில் பெரும்பாலானவை பாதுகாக்கப்படவே இல்லை. லாக் இல்லாத இடத்தில் நூலின் கூற்றைப் பொய் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

பெயரும் ஏமாற்றும். ஒரே பெயர் அடுத்தடுத்த கப்பல்களுக்கு வந்துகொண்டே இருக்கும். இரண்டு கப்பல்கள் ஒன்றாவதும் உண்டு: 1916இல் சேதமடைந்த ஸூலு, நூபியன் என்ற இரண்டு நாசகாரிகளின் பாதிகளைச் சேர்த்துக் கட்டி 1917இல் ஸூபியன் என்ற பெயரில் கடலுக்கு அனுப்பினார்கள். இதன் பணி வரலாற்றை முன்னிரண்டின் தொடர்ச்சியாகக் காட்டும் பட்டியல் தவறான பட்டியல்.

உங்கள் கேள்வியின் கடைசி வரியில், அந்தக் கப்பலில் பணியாற்றிய மாலுமி ஒருவரின் பதிவையும் இதே முறையில் திருத்தலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே கூடுதல் எச்சரிக்கை வேண்டும். கப்பல் எங்கே இருந்தது என்று லாக் காட்டும்; அந்த மனிதர் அன்று அதில் இருந்தாரா என்று காட்டாது. சாதாரண மாலுமியின் பெயர் தண்டனை, மரணம், இடமாற்றம் போன்ற வேளைகளில்தான் லாக்கில் வரும். அதற்கு ஏடிஎம் 188 தொகுதியில் உள்ள தனிநபர் பணிப் பதிவைப் பாருங்கள். அதிலும் 'விக்டரி', 'பெம்ப்ரோக்', 'விவிட்' என்று காண்பவை பெரும்பாலும் போர்ட்ஸ்மவுத், சாத்தம், டெவன்போர்ட் ஆகிய இடங்களின் கரைப் பாசறைகள். 'விக்டரி' என்ற நெல்சனின் கப்பலில் பணியாற்றியதாகக் குடும்பங்கள் நம்பிக்கொண்டிருக்கும் பலர் அந்தப் பாசறையில் தங்கியவர்கள். இதெல்லாம் வெறும் வரலாற்று ஆர்வத்துக்கான நுணுக்கம் என்று யாரும் எண்ண வேண்டாம். வியட்நாம் போரில் அமெரிக்கப் படைகள் தாவரங்களை அழிக்கத் தெளித்த ஏஜென்ட் ஆரஞ்சு நச்சுக்கு ஆளானதாகக் கருதி இழப்பீடு பெற, தங்கள் கப்பல் உள்நாட்டு ஆறுகளுக்குள் சென்றது என்று அமெரிக்கக் கடற்படையினர் பல ஆண்டுகள் நிரூபிக்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் நாடியது தங்கள் கப்பல்களின் லாக்குகளையே. 2019இல் இயற்றப்பட்டு 2020 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த சட்டம் கரையிலிருந்து 12 கடல் மைல் வரையிலான கடலையும் சேர்த்துக்கொண்ட பிறகு, ஒரு நாளில் கப்பல் எந்தப் புள்ளியில் நின்றது என்ற லாக் வரியே பலருடைய இழப்பீட்டு உரிமையை முடிவு செய்கிறது. அந்த வரியோடு அந்த மனிதரின் பணிப் பதிவும் சேர்ந்தால்தான் வழக்கு நிற்கும்.

ஆகவே உங்கள் கப்பலுக்கு நீங்கள் செய்யக்கூடியது இது. பிரிவு பற்றிய நூலின் கூற்றை அப்படியே விட்டு, உலர்துறையில் இருந்த நாட்களைத் தனி வரியாகச் சேருங்கள். தாக்குதலைப் பற்றி, அந்த நாளோடு முன்னும் பின்னும் உள்ள நாட்களின் பக்கங்களையும், உடன் சென்றதாகச் சொல்லப்படும் ஒரு கப்பலின் லாக்கையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். இரண்டும் உங்கள் முடிவை ஆதரித்தால், 'நூல் இவ்வாறு கூறுகிறது. ஆனால் இந்த நாளின் லாக்கில் நண்பகல் நிலை இது, உடன் சென்ற கப்பலின் லாக்கிலும் இதன் பெயர் இல்லை' என்று தொகுதி எண்ணோடும் தேதியோடும் குறிப்பிடுங்கள். நூலின் கூற்றை அழித்துவிட வேண்டாம். அடுத்து வருபவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். உடன் சென்ற கப்பலின் லாக் கிடைக்காவிட்டால், 'பங்கேற்றது ஐயத்துக்குரியது' என்ற அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த மூன்று நாட்களின் பக்கப் படங்களை இங்கே இட்டால் கையெழுத்தைப் படிக்க நானும் உதவுகிறேன்.